டர்ட் பைக் கியர்பாக்ஸ் ஆயில்: முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் டர்ட் பைக் (மணல், சேறு, காட்டுப் பாதையில் ஓட்டும் பைக்) பராமரிப்பு பற்றி வெளியான குறிப்பில் செயின், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாவற்றுக்கும் விரிவாக இடம் தந்திருந்தார்கள். கியர்பாக்ஸுக்கு மட்டும் ‘தரமான, கெட்டியான கியர் ஆயில் ஊற்றவும்’ என்று ஒரே வரி. அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் காரின் பின் அச்சுக்கு ஊற்றும் ஜிஎல்-5 வகை 90 ஆயிலை வாங்கி வர வாய்ப்பு அதிகம். அது உள்ளே போன பிறகு கிளட்ச் சரியாக விலகாது, நியூட்ரல் விழாது. வண்டி கெட்டுப்போயிற்று என்று எஞ்சினைக் கழற்றுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டர்ட் பைக்கில் கியர்பாக்ஸ் ஆயில் பற்சக்கரங்களையும் பேரிங்குகளையும் மட்டும் கவனிப்பதில்லை. அதே ஆயிலில்தான் கிளட்ச் பிளேட்டுகளும் நனைந்து ஓடுகின்றன. பற்சக்கரங்களுக்கு உரசல் குறைய வேண்டும். கிளட்ச்சுக்கோ பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கிற அளவுக்கு உரசல் மிஞ்ச வேண்டும். இந்த இரண்டில் கிளட்ச்தான் ஆயில் விஷயத்தில் பிடிவாதக்காரர். டர்ட் பைக்கின் பற்சக்கரங்கள் பெரும்பாலும் நேர்ப்பல் கொண்டவை. நல்ல ஆயில் எதுவாக இருந்தாலும், அளவு சரியாக இருந்து அடிக்கடி மாற்றினால், அவை நெடுநாள் உழைக்கும். தவறான ஆயில் ஊற்றினால் கிளட்ச் முதல் நாளே சொல்லிவிடும். ஆகவே ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கிளட்ச், அடுத்துக் கெட்டித்தன்மை, அதன் பிறகுதான் மற்றவை.

எந்த ஆயில் என்பதற்கு முன்னால், உங்கள் பைக்கில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பைக்கில் கிராங்க், பிஸ்டன் இரண்டுக்கும் பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில். கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் தனி ஆயில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆனால் ஹோண்டாவின் சிஆர்எஃப்450ஆர் போன்ற சில ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளில் பல ஆண்டுகள் எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு தனி அறைகள் இருந்தன. ஊற்றும் துளையும் இரண்டு, டிரெயின் போல்ட்டும் இரண்டு. பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரே பக்கத்தில் எல்லா ஆயிலையும் ஊற்றிவிடுவதுண்டு. ஒரு பக்கம் வழிந்து நிற்கும், மறுபக்கம் வறண்டு ஓடும்.

2டி ஆயிலை டூ-ஸ்ட்ரோக்கின் கியர்பாக்ஸில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில்தானே’ என்பது அவர்கள் கணக்கு. அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போவதற்காகச் செய்யப்பட்டது. பற்கள் மோதும் இடத்தின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது அல்ல.

இனி டப்பாவில் எதைத் தேட வேண்டும் என்பது. முதல் அடையாளம் ஜாஸோ என்ற ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பின் குறி. மோட்டார் சைக்கிளின் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலுக்காக ஜப்பானில் 1998-இல் வந்த ஜாஸோ டி903 என்ற தரநிலை, ஆயிலை கிளட்ச் உரசலை வைத்துத் தரம் பிரிக்கிறது. கிளட்ச் சுழலும்போது உள்ள உரசல், நின்று பிடிக்கும்போது உள்ள உரசல், பிடித்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகிய மூன்றையும் சோதித்து எண் கொடுக்கிறார்கள். உரசல் அதிகமாக உள்ளது எம்ஏ, குறைவானது எம்பி. 2006-இல் எம்ஏ-வையே இரண்டாகப் பிரித்து எம்ஏ1, எம்ஏ2 ஆக்கினார்கள். இதில் எம்ஏ2-வுக்குப் பிடிப்பு அதிகம். டர்ட் பைக்கில் கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடியே மேடு ஏறுகிறோம், வளைவில் பட்டென்று விடுகிறோம். எனவே எம்ஏ2 வாங்குவதே நல்லது. எம்ஏ, எம்ஏ1 வகைகளும் வேலை செய்யும். எம்பி மட்டும் வேண்டாம். அது ஆயிலில் நனையாத பெல்ட் டிரைவ் கொண்ட ஸ்கூட்டர்களுக்கானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஆயிலின் டப்பாவில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் பதிவு எண்ணும் எம்ஏ2 என்ற எழுத்தும் அச்சாகியிருக்கும். ‘எம்ஏ2 தேவைகளுக்கு ஏற்றது’ என்று வெறும் வாசகமாக மட்டும் எழுதியிருந்தால் அது தயாரிப்பாளரின் சொல், பதிவு அல்ல. அப்படிப்பட்ட ஆயில் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் கட்டம் உள்ளதை எடுங்கள். அதேபோல, டூ-ஸ்ட்ரோக்கின் கியர்பாக்ஸுக்கென்றே விற்கும் தனி ஆயில்களில் இந்தக் கட்டம் இருக்காது. ஏனென்றால் இந்தத் தரநிலை எஞ்சின் ஆயிலுக்கானது, எஞ்சினுக்கான சோதனைகளிலும் தேறினால்தான் பதிவு கிடைக்கும். அத்தகைய டப்பாவில் ‘வெட் கிளட்ச்சுக்கு ஏற்றது’, அதாவது ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது, என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து ஜிஎல்-4, ஜிஎல்-5. குழப்பம் அதிகம் இங்கேதான். இவை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ கியர் ஆயிலுக்குக் கொடுத்த வகைகள். எண் கூடினால் தரம் கூடியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேலைதான் வேறு. ஜிஎல்-5 காரின் பின் அச்சில் இருக்கும் ஹைப்பாய்டு பற்சக்கரங்களுக்கானது. அங்கே பல்லின் மேல் பல் உருளுவதோடு நீளவாக்கில் இழுபட்டும் போகிறது. சாதாரண ஆயில் படலம் அந்த இழுப்பில் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த கூட்டுப்பொருள்களை அதிகமாகச் சேர்க்கிறார்கள். சூடான இடத்தில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். டர்ட் பைக்கின் கியர்பாக்ஸில் ஹைப்பாய்டு இல்லை, ஆகவே அந்தப் பாதுகாப்புக்கு அங்கே வேலையும் இல்லை. பித்தளை, வெண்கலப் பாகங்கள் இருந்தால் அந்தக் கந்தகம் சூட்டில் அவற்றை அரிக்கக்கூடும். சில பைக்குகளின் கியர்பாக்ஸில் வெண்கல புஷ்கள் உண்டு. லிமிடெட் ஸ்லிப் அச்சுக்காக (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் தடுக்கும் அச்சு) செய்த ஜிஎல்-5 என்றால் உரசலைக் குறைக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். அது கிளட்ச்சை நழுவ விடும். ஜிஎல்-4-இல் இந்தக் கூட்டுப்பொருள்கள் குறைவு. மோட்டார் சைக்கிள் கியர்பாக்ஸுக்கென்று தயாரித்து, வெட் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று எழுதிய ஜிஎல்-4 ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம். கார் கியர்பாக்ஸுக்கான ஜிஎல்-4-ஐ அப்படிச் சொல்ல முடியாது. காரில் கிளட்ச் வெளியே உலர்ந்து இருக்கிறது; அந்த ஆயிலைச் செய்தவருக்கு கிளட்ச் பற்றிய கவலையே இல்லை.

கெட்டித்தன்மையில் இன்னொரு பொறி இருக்கிறது. எஞ்சின் ஆயிலின் எண்ணும் கியர் ஆயிலின் எண்ணும் ஒரே அளவுகோலில் வருவன அல்ல. வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு எஞ்சின் ஆயிலுக்கு ஜே300 என்ற அட்டவணையையும் கியர் ஆயிலுக்கு ஜே306 என்ற அட்டவணையையும் வைத்திருக்கிறது. 100 டிகிரி செல்சியஸில் எஞ்சின் ஆயிலின் 40 என்பது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. கியர் ஆயிலின் 90 என்பது 13.5 முதல் 18.5 வரை. அதாவது 90 என்ற எண்ணைப் பார்த்து அது 40-ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்தால் தப்பு. இரண்டும் பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. அதனால்தான் சில டர்ட் பைக் கியர்பாக்ஸ் ஆயில் டப்பாக்களில் 75டபிள்யூ, 80டபிள்யூ என்று போட்டிருக்கும். பயப்பட வேண்டாம். சூட்டில் அவை ஏறக்குறைய 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் (டபிள்யூ-வுக்கு முன் உள்ள எண் குளிருக்கு, பின் உள்ளது சூட்டுக்கு) அளவுக்குத்தான் ஓடும், சிலது அதைவிட மெலிதாகவும் இருக்கும். குளிரில்தான் வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

எந்த எண் என்பதற்குப் பைக்கின் கையேடுதான் விடை. யமஹா ஒய்இசட்250-க்கு 10டபிள்யூ-40. கேடிஎம்மின் 300 இஎக்ஸ்சி டூ-ஸ்ட்ரோக்குக்கு 15டபிள்யூ-50. இரண்டுமே டூ-ஸ்ட்ரோக், சிசி-யும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் எண் வேறு. பேரிங் இடைவெளி, கிளட்ச் பிளேட்டின் பரப்பு, ஸ்பிரிங் அமைப்பு எல்லாம் ஆளுக்கு ஒரு விதம். ஆகவே பக்கத்து வண்டிக்காரர் என்ன ஊற்றுகிறார் என்று பார்த்து வாங்குவது சரியில்லை. ஒரே மாடலில்கூட ஆண்டு மாறினால் எண் மாறலாம். உங்கள் ஆண்டின் கையேட்டைப் பாருங்கள்.

கையேட்டின் எண்ணிலிருந்து ஒரு படி விலக நியாயமான காரணங்கள் உண்டு. மணலிலும் சேற்றிலும் கிளட்ச்சைப் போட்டு வதைக்கிறவர், 10டபிள்யூ-40-க்குப் பதில் 10டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50 ஊற்றினால் சூட்டில் படலம் கொஞ்சம் நிற்கும். விலையாக, காலையில் குளிர்ந்த வண்டியில் முதல் கியர் போட்டதும் கிளட்ச் லீவரை முழுக்க இழுத்திருந்தும் வண்டி முன்னால் ஊரும். கெட்டியான ஆயில் பிளேட்டுகளை ஒட்டவைத்திருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று நிமிடம் சூடேறியதும் போய்விட்டால் கவலையில்லை. சூடான பிறகும் ஊர்ந்தால் ஆயில் மிகக் கெட்டி, அல்லது கிளட்ச் பாஸ்கெட்டில், அதாவது பிளேட்டுகள் அடுக்கியிருக்கும் கூடையில், பள்ளம் விழுந்திருக்கிறது. மெலிதான பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். கிளட்ச் சட்டென்று விலக வேண்டும் என்பதற்காக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான ஆயில்) ஊற்றுவார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய டைப் எஃப் ஏடிஎஃப்பில் உரசலைக் குறைக்கும் பொருள் கிடையாது, அது கிளட்ச்சைப் பிடிக்கும். டெக்ஸ்ரான், மெர்கான் வகைகளில் அந்தப் பொருள் உண்டு. இரண்டும் ஒரே சிவப்பு நிறம், ஆகவே நிறத்தை வைத்து வாங்கிவிடக் கூடாது. டைப் எஃப்பும் 40 எண் ஆயிலைவிட மிக மெலிது. கையேடு 15டபிள்யூ-50 கேட்கும் பைக்கில் அதை ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊற்றுகிறவர் அதை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

எண் எதுவாக இருந்தாலும் அது நிலைத்து நிற்காது. 10டபிள்யூ-40 போன்ற ஆயிலில் சூட்டில் கெட்டித்தன்மையைத் தக்கவைக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். பற்சக்கரங்களின் இடுக்கில் அவை நசுங்கி அறுபடுகின்றன. சில மணி நேரக் கடும் ஓட்டத்திலேயே 40 ஆயில் 30-இன் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கியர் மாற்றும்போது முன்பு இல்லாத உறுத்தல், நியூட்ரல் கிடைக்காமை ஆகியவை தலைகாட்டினால் ஆயில் இப்படித் தேய்ந்திருக்கலாம். நிறம் தெளிவாக இருப்பதால் ஆயில் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல.

சிந்தெடிக் ஆயில் கிளட்ச்சை நழுவ விடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கிளட்ச்சை நழுவ வைப்பது சேர்க்கப்படும் உரசல் குறைப்பான்தான்; அடிப்படை எண்ணெய் மினரலா சிந்தெடிக்கா என்பது அல்ல. எம்ஏ2 பெற்ற சிந்தெடிக்கும் எம்ஏ2 பெற்ற மினரலும் கிளட்ச் பிடிப்பில் ஒரே வரம்புக்குள்தான் இருக்கின்றன. சிந்தெடிக் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் விலை அதிகமென்று அதை ஐம்பது மணி நேரம் விட்டுவைப்பதைவிட, சாதாரண எம்ஏ2 மினரல் ஆயிலைப் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது எவ்வளவோ மேல். காரணம், டர்ட் பைக் கியர்பாக்ஸில் ஆயில் சூட்டினால் கெடுவதற்கு முன்பே கிளட்ச் பொடியால் அழுக்காகிவிடுகிறது. பெரும்பாலான டூ-ஸ்ட்ரோக் கியர்பாக்ஸில் ஆயில் பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. பற்சக்கரம் வாரி இறைப்பதுதான் உயவு. உள்ளே விழுந்தது எதுவும் நீங்கள் வடிக்கும் வரை அங்கேயே சுற்றும்.

கார் எஞ்சின் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவின் பின்புறம் ஏபிஐ-யின் வட்ட முத்திரை இருக்கும். அதன் கீழ்ப் பகுதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ அல்லது ‘எனர்ஜி கன்சர்விங்’ என்று எழுதியிருந்தால், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உரசல் குறைப்பான் சேர்த்திருக்கலாம், கிளட்ச்சுக்கு ஆகாது. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெலிந்த கார் ஆயில்கள் பெரும்பாலும் இந்த வகை. இவற்றில் பாஸ்பரஸுக்கும் மேல்வரம்பு உண்டு: 0.08 சதவீதம். ஜாஸோ டி903-இலோ 0.08-க்குக் குறையக் கூடாது, 0.12 வரை இருக்கலாம். தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ், காரில் சைலன்சரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் குறைக்கப்பட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பங்கிடும் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இந்த வேறுபாடு முக்கியம். கனரக டீசல் எஞ்சின் ஆயிலில் சில எம்ஏ அடையாளத்தோடும் வருகின்றன. அப்படி வந்தால் டூ-ஸ்ட்ரோக் கியர்பாக்ஸில் ஊற்றலாம். வராவிட்டால் வேண்டாம். எஞ்சின் ஆயில் பாட்டிலில் கலக்கும் ‘உரசல் குறைப்பு’ திரவங்கள் எதையும் கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுவரவே கூடாது.

சிறுவர்கள் ஓட்டும் 50 சிசி பைக்குகளில் சுழற்சி வேகத்தில் தானாகப் பிடிக்கும் கிளட்ச் இருக்கும். அங்கே ஆயிலின் கெட்டித்தன்மை மாறினாலே கிளட்ச் பிடிக்கும் வேகம் மாறிவிடும். கையேட்டில் உள்ளதைத் தவிர வேறு எதையும் முயல வேண்டாம்.

மாற்றும் முறை. வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள். வடியும் நேரத்தில் உள்ளே மிதக்கும் பொடியும் சேர்ந்து வரும். மிகச் சூடாக்கினால் கை வேகும். ஸ்டாண்டில் வண்டியை நேராக நிறுத்துங்கள். சாய்த்து வைத்தால் ஒரு மூலையில் ஆயில் தேங்கும். டிரெயின் போல்ட்டைச் சுற்றிச் சேற்றைத் துடைத்த பிறகே கழற்றுங்கள். மேலே ஊற்றும் மூடியையும் திறந்துவிட்டால் வேகமாக வடியும். பத்து நிமிடமாவது விடுங்கள். எவ்வளவு விட்டாலும் கொஞ்சம் உள்ளே நிற்கும்: ஒய்இசட்250-இன் மொத்தக் கொள்ளளவு 0.80 லிட்டர், மாற்றும்போது ஊற்ற வேண்டியது 0.75. அந்த 50 மில்லி பழைய ஆயில் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொதுவாக 125 முதல் 300 சிசி டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 600 முதல் 900 மில்லிக்குள் அடங்கும். அளவுக் குடுவையில் அளந்து ஊற்றுங்கள். பாட்டிலின் கோட்டை நம்பினால் 50, 100 மில்லி தவறலாம். இவ்வளவு சிறிய கொள்ளளவில் அது பெரிய பங்கு.

போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். செம்போ அலுமினியமோ, ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. அடைக்கவில்லையே என்று இன்னும் இறுக்கினால் அலுமினிய உறையின் மரை போகும். அதைச் சரிசெய்ய மரைச்சுருள் போட வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டின் அளவு வரை மட்டும் இறுக்குங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பல பைக்குகளில் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 10 மில்லிமீட்டருக்கு அதைவிடக் குறைவு. ஆயில் ஊற்றிய பின் ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் அடங்கவிட்டு, வண்டியை நேராகப் பிடித்து மட்டம் பாருங்கள். கண்ணாடிச் சாளரம் இருந்தால் குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். கிளட்ச் மூடியில் மட்டம் பார்க்கும் சிறு போல்ட் இருந்தால், அதைக் கழற்றும்போது லேசாகக் கசிய வேண்டும். அதிகமானால் ஆயில் நுரைத்து மூச்சுக் குழாய் வழியே வெளியேறும், கிளட்ச்சும் முழுக்க விலகாமல் இழுபடும். குறைவானால் முதலில் சூடேறுவது கிளட்ச். அதன் பின் பற்களின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை? பந்தய ஓட்டம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது மிகையில்லை. காட்டுப் பாதை, நிதான ஓட்டம் என்றால் பத்து முதல் பதினைந்து மணி நேரம். புது வண்டியிலும், புது கிளட்ச் போட்ட வண்டியிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் பொடி அதிகம் உதிரும். ஆற்றைக் கடந்த வண்டியை அன்றே திறந்து பாருங்கள்.

வடிந்த ஆயிலைப் பார்க்காமல் கொட்டுவது பெரிய இழப்பு. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் வடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய துகள் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்க்கும்போது முள்ளாகக் குத்தும் எஃகுத் துண்டுகள் வந்தால், கியர்களை ஒன்றோடொன்று பூட்டும் நாய்ப்பல்லின் விளிம்பு உடைகிறது. கியர் தானாக நழுவி வெளியே வருகிறதா என்று உடனே கவனிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியம். பெரும்பாலும் கிளட்ச் பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட்டுகள் பள்ளம் வெட்டுவதால் வருவது. அந்தப் பள்ளத்தில் பிளேட் மாட்டிக்கொண்டு விலக மறுக்கும். அதற்கு எந்த ஆயிலும் மருந்தாகாது. லேசான பள்ளத்தை அரத்தால் தேய்க்கலாம், ஆழமானால் பாஸ்கெட்டையே மாற்ற வேண்டும். தங்க நிறத் துகள் வெண்கலம், எங்கோ புஷ் தேய்கிறது. கறுப்பாக, எரிந்த வாடையோடு வந்தால் உரசல் பிளேட்டுகள் கருகியிருக்கின்றன.

பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர். அது வரும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று வாட்டர் பம்ப் அச்சின் சீல். பல பைக்குகளில் தண்ணீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் இடையே கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். ஒரு சீல் போனால் அங்கே சொட்டும். சேறு அந்தத் துளையை அடைத்திருந்தால் சொட்ட இடமில்லாமல் உள்ளேயே போகும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தும் இருந்தால் இதுதான். மற்றொன்று கியர்பாக்ஸின் மூச்சுக் குழாய். சூடான கியர்பாக்ஸ் ஆற்று நீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது, குழாயின் முனை நீருக்குள் இருந்தால் நீரை உறிஞ்சிவிடும். குழாயை டேங்கின் அடியில் உயரமாகக் கட்டிவைத்தால் தீர்ந்தது. பால் நிறம் வந்த வண்டியில் ஒருமுறை மாற்றுவது போதாது. மலிவான எம்ஏ ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி வடித்து, நிறம் தெளியும் வரை திரும்பச் செய்து, பிறகு நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். தண்ணீரோடு நாள்கணக்கில் நின்றால் பேரிங்கில் துரு பிடிக்கும்.

டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றிய அளவும் வடிந்த அளவும் ஒத்துவருகிறதா என்று ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். வெளியே கசிவில்லாமல் ஆயில் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை அதிகமாகி, பிளக் எண்ணெயாக நனைந்து வந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போயிருக்கிறது. பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் அறையில் உண்டாகும் வெற்றிடம் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. சில நேரம் இதற்கு நேர்மாறாக மட்டம் ஏறி, ஆயிலில் பெட்ரோல் வாடை வரும். அதுவும் அதே சீலின் வேலையாக இருக்கலாம். எஞ்சினின் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ அளவில் காற்று ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை. இந்த நிலையில் ‘புகையாத’ வேறு ஆயிலைத் தேடிப் போவது காலத்தை வீணாக்கும்.

கிளட்ச் நழுவுகிறது என்று தெரிந்தவுடன் ஆயில் மேல் பழி போட வேண்டாம். முதலில் லீவரின் ஃபிரீ பிளே, அதாவது கிளட்ச் விலகத் தொடங்கும் முன் உள்ள வெற்று ஆட்டம், எவ்வளவு என்று பாருங்கள். கேபிள் கிளட்ச்சில் லீவர் நுனியில் 10 மில்லிமீட்டர் சுற்றி இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுகியிருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். பிறகு ஸ்பிரிங்குகளின் நீளம், உரசல் பிளேட்டின் தடிமன், எஃகு பிளேட்டின் நெளிவு. எஃகு பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் சோதியுங்கள். 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படலாம். சரியான வரம்பு கையேட்டில் இருக்கும். புதிய உரசல் பிளேட்டுகளை உலர்வாகப் போடக் கூடாது. நீங்கள் ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஊறவைத்த பிறகே அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சில நிமிடத்திலேயே கருகும்.

தவறான ஆயில் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், வடித்து, சரியான எம்ஏ2 ஊற்றி, அரை மணி நேரம் நிதானமாக ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். ஜிஎல்-5 ஊற்றியதால் கிளட்ச் இழுபட்ட வண்டி இதிலேயே சரியாகும். உரசல் குறைப்பான் உள்ள ஆயிலை ஊற்றிய வண்டியில் உரசல் பிளேட்டுகள் அதை உள்ளே குடித்திருக்கும். மூன்று முறைக்குப் பிறகும் நழுவினால் உரசல் பிளேட்டுகளை மாற்ற வேண்டியதுதான். பெட்ரோலில் கழுவி மறுபடி போடுகிறார்கள். அது நிலைக்காது, பிளேட்டின் ஒட்டுப்பசையும் தளரக்கூடும்.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். மண்ணில் ஊற்றக் கூடாது. தண்ணீர் கலந்ததைத் தனிக் கேனில் வையுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் அடுத்த முறை ஆயில் பற்றி எழுதும்போது, ‘தரமான ஆயில்’ என்பதற்குப் பதிலாக ஜாஸோ எம்ஏ2 என்ற குறியையும், கையேட்டில் எண்ணும் அளவும் எந்தப் பகுதியில் இருக்கும் என்பதையும் அச்சிடுங்கள். டப்பாவில் உள்ள அந்தச் சிறு கட்டத்தின் படத்தையும் போட்டால் கடையில் நிற்கிறவருக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டர்ட் பைக் மெக்கானிக்